வரும் பேரப்பிள்ளைகளும் வராத பேரப்பிள்ளைகளும்

(கோடை விடுமுறையை முன்னிட்டு நமது அறக்கட்டளைக் கூடத்தில், அஸர் தொழுகைக்குப் பின் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

முழுப் பரீட்சை முடியப் போகிறது. இன்னும் சில நாட்களில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கோவையிலிருந்தும் பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். வளைகுடாவில் படிக்கும் பிள்ளைகள் ஜூலை, ஆகஸ்டில் வருவார்கள். நன்னா, நன்னி என்று கூப்பிடும் வீடும் நம் ஊரில் உண்டு. வாப்பும்மா, உம்மம்மா என்று கூப்பிடும் வீடும் உண்டு. எப்படிக் கூப்பிட்டாலும் அந்தச் சத்தம் கேட்பதற்காகவே பதினொரு மாதம் காத்துக் கிடக்கும் பெரியவர்கள் இங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இந்தக் கூட்டத்தில் இரண்டு விஷயங்களைப் பேச வேண்டும் என்று நிர்வாகத்தில் முடிவு செய்தோம். ஒன்று, வருகிற பேரப்பிள்ளைகளை எப்படி வைத்துக்கொள்வது. இன்னொன்று, வர வேண்டியும் வராமல் இருக்கிற பேரப்பிள்ளைகளை என்ன செய்வது. இரண்டாவதைப் பேசத்தான் யாரும் முன்வருவதில்லை. அதனால் அதற்குச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்வோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதப் பயணம்

நம் நபி (ஸல்) அவர்களும் சிறு வயதில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்த் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஆறு வயதானபோது, தாயார் ஆமினா அவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்கு, அன்று யத்ரிப் என்று பெயர், அழைத்துப் போனார்கள். பாட்டனார் அப்துல் முத்தலிபின் தாய்வழிச் சொந்தங்களான பனூ நஜ்ஜார் குலத்தார் அங்கே இருந்தார்கள். பணிப்பெண் உம்மு அய்மன் அவர்களும் கூடப் போனார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் அங்கே தங்கினார்கள்.

திரும்பும் வழியில் அப்வா என்ற இடத்தில் தாயார் ஆமினா வஃபாத்தாகிவிட்டார்கள். தந்தையார் அப்துல்லாஹ், பிள்ளை பிறக்கும் முன்பே போய்விட்டவர். உம்மு அய்மன்தான் அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்து மக்காவுக்குக் கூட்டி வந்து பாட்டனாரிடம் ஒப்படைத்தார்கள்.

இது நம்மில் பலருக்குத் தெரிந்த வரலாறு. ஆனால் இதன் பிற்பகுதியைக் கவனித்தவர்கள் குறைவு. 45 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த நபியவர்கள் அந்தப் பழைய வீட்டைப் பார்த்து அடையாளம் கண்டார்கள். இங்கேதான் தாயாருடன் தங்கினோம் என்று சொன்னார்கள். பனூ அதீ இப்னு நஜ்ஜார் குலத்தாரின் கிணற்றில் நீந்தக் கற்றதையும் நினைவுகூர்ந்தார்கள். சீரா நூல்கள் இதைப் பதிவு செய்திருக்கின்றன.

சிந்தித்துப் பாருங்கள். தங்கியது ஒரு மாதம். நினைவில் நின்றதோ ஆயுள் முழுவதும். அங்கே என்ன சாப்பிட்டார்கள், என்ன உடுத்தினார்கள் என்று சொல்லவில்லை. தங்கிய வீட்டையும், கற்ற வித்தையையும் சொன்னார்கள். நம் வீட்டுக்கு வரும் பிள்ளையும் 45 ஆண்டு கழித்து எதையாவது சொல்லும். அது என்னவாக இருக்க வேண்டும் என்பதை இந்த ஒரு மாதத்தில் நாம்தான் முடிவு செய்கிறோம்.

விருந்தாளியாக வைக்காதீர்கள்

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளை வந்த அன்று பிரியாணி. மறுநாள் இடியப்பமும் பாயாவும். அதற்கு மறுநாள் வட்டிலப்பம். பிள்ளை ஒரு துரும்பை எடுத்துப் போடக் கூடாது. நன்னி அடுப்படியில் நின்று நின்று முழங்கால் வீங்கிவிடும். நான்காம் நாள் பிள்ளை போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடும். பதினைந்தாம் நாள் போர் அடிக்கிறது, ஊருக்குப் போகலாம் என்று உம்மாவை நச்சரிக்கும்.

பிள்ளைமேல் குற்றமில்லை. விருந்தாளிக்கு எந்த வீடும் நான்கு நாளில் அலுத்துத்தான் போகும். வீட்டுப் பிள்ளைக்குத்தான் வீடு அலுக்காது. ஆகவே ஒரு வேலையைக் கையில் கொடுங்கள். காலையில் பாலுக்கும் ரொட்டிக்கும் கடைக்குப் போவது இவனுடைய வேலை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது இவளுடைய வேலை. நன்னாவுக்கு மாத்திரை நேரத்தை நினைவுபடுத்துவது இன்னொரு பிள்ளையின் வேலை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பது எல்லோருடைய வேலையும். ஆண் பிள்ளைக்கும் அதே சட்டம்தான். நபியவர்கள் தம் கிழிந்த துணியைத் தாமே தைத்தார்கள், செருப்பைத் தாமே சரிசெய்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நம் பேரன் அதைவிடப் பெரியவன் அல்ல.

மகள்களே, மருமகள்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. விடுமுறை பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, நமக்கும்தான் என்று வந்தவுடன் படுத்துவிடாதீர்கள். அறுபத்தைந்து வயதில் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ள ஒரு தாய் பத்துப் பேருக்கு மூன்று வேளையும் சமைக்க முடியாது. அவர்கள் முடியாது என்று வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். சொன்னால் அடுத்த வருஷம் வராமல் போய்விடுவீர்களோ என்ற பயம். அந்தப் பயத்தை நீங்கள்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

போனைப் பற்றிக் கேட்கிறீர்கள். பிடுங்கி வைத்தால் சண்டைதான் வரும். அதைவிட, வாங்குகிற இடத்தில் வேறு ஒன்றைக் கொடுங்கள். உம்மம்மாவிடம் உள்ள பழைய போட்டோ ஆல்பத்தை எடுத்து வையுங்கள். யார் யார் என்று பிள்ளை கேட்கும். கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிப் போன பாட்டன்மார் நம் ஊர்களில் எத்தனை பேர்! அந்தக் கதை எந்தப் போனிலும் இல்லை. சில வீடுகளில் அரபுத் தமிழில் அச்சான பழைய கிதாபுகள் அலமாரியில் இன்னும் இருக்கும். அரபு எழுத்தில் தமிழ்! குர்ஆன் ஓதத் தெரிந்த பேத்தியிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். தான் ஓதுவது அரபு என்று நினைத்துத் தொடங்கிய பிள்ளை, இது நம் பேச்சு ஆயிற்றே என்று கண்டுபிடிக்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள்.

சொந்தங்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். உறவுகளைச் சேர்ந்து வாழும் அளவுக்காவது வமிசத்தை அறிந்துகொள்ளும்படி நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சாச்சா யார், பெரியத்தா யார், மாமு மகன் யார் என்று தெரியாத பிள்ளை பெரியவனானதும் யாருக்குச் சலாம் சொல்லும்? ஒரு தாளில் குடும்ப வரிசையை எழுதச் சொல்லுங்கள். மேலே முப்பாட்டன், கீழே அந்தப் பிள்ளை. ஒரு நாள் கபர்ஸ்தானுக்கும் கூட்டிப் போய் அவர்களுக்காக துஆச் செய்யச் சொல்லுங்கள்.

மகன் பிள்ளை, மகள் பிள்ளை

இங்கே ஒரு கசப்பான விஷயம். மகன் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மரியாதை, மகள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மரியாதை. சில வீட்டில் இது தலைகீழாகவும் இருக்கும். சிவந்த பிள்ளைக்கு ஒரு கொஞ்சல், கறுத்த பிள்ளைக்கு ஒரு கொஞ்சல். வெளிநாட்டிலிருந்து சாக்லெட் கொண்டு வரும் மகனின் பிள்ளை மடியில், உள்ளூரில் கஷ்டப்படும் மகளின் பிள்ளை தரையில்.

நபி (ஸல்) அவர்களின் ஆண் மக்கள் எல்லோரும் சிறு வயதிலேயே மறைந்துவிட்டார்கள். ஹஸன், ஹுஸைன், உமாமா ஆகிய எல்லோருமே மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகள். ஸைனப் (ரலி) அவர்களின் மகள் உமாமாவைத் தோளில் வைத்துக்கொண்டே நபியவர்கள் தொழுகை நடத்தினார்கள். ருகூவுக்குப் போகும்போது இறக்கி வைப்பார்கள், எழும்போது தூக்கிக்கொள்வார்கள். பெண் குழந்தையைப் பாரமாக நினைத்த ஒரு சமூகத்தின் நடுவில், பள்ளிவாசலில், ஜமாஅத்துக்கு முன்னால் இது நடந்தது. இன்னொரு முறை ஸஜ்தாவில் இருக்கும்போது பேரர் முதுகில் ஏறிக்கொண்டார். அவர் இறங்கும்வரை ஸஜ்தாவை நீட்டினார்கள்.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டு நபியவர்களைச் சாட்சிக்கு அழைத்தார். மற்ற பிள்ளைகளுக்கும் இதே போலக் கொடுத்தீரா என்று கேட்டு, இல்லை என்றதும் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். நாம் பேரப்பிள்ளைகளுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தாலும் எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுப்போம். பிள்ளைகள் எண்ணிப் பார்க்கும். எண்ணியதை மறக்காது.

பத்திரமாக வைத்துத் திருப்பி அனுப்புங்கள்

பேரப்பிள்ளை நம்மிடம் அமானிதம். கத்திரி வெயில் நாட்களில் பதினொரு மணியிலிருந்து நான்கு மணிவரை வெளியே விளையாட விடாதீர்கள். நுங்கு, மோர், நன்னாரி சர்பத் கொடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சோர்ந்து துவண்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

குளம், கிணறு, வாய்க்கால், குவாரிக் குட்டை ஆகியவற்றில் நகரத்துப் பிள்ளைகளைத் தனியாக விடவே கூடாது. நபியவர்கள் கற்ற நீச்சல் நல்ல வித்தை. கற்றுக்கொடுங்கள், ஆனால் நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் தண்ணீருக்குள் கூட நிற்க வேண்டும். ஒருவர் மூழ்கினால் நீந்தத் தெரியாதவர் பின்னால் குதிக்கக் கூடாது, கயிறோ கம்போ துப்பட்டாவோ வீசிச் சத்தம் போட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு வந்த அன்றே சொல்லிவிடுங்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் மூழ்கும் செய்தியை வருஷா வருஷம் படிக்கிறோம்.

ஆசைக்கு ஒரு ரவுண்டு என்று ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பாதுகாவலரோ வண்டிச் சொந்தக்காரரோ பொறுப்பு. 3 ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்து. நன்னாவின் வண்டி என்றால் நன்னாதான் பதில் சொல்ல வேண்டும்.

நம் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும். இரண்டு வயதுப் பேத்திக்கு அது மிட்டாய். ஒன்றை விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து வரலாம். பிள்ளைகள் வருமுன் உயரத்தில் பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டது தெரிந்தால் 108ஐக் கூப்பிடுங்கள், மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறோம். வீடு நிறையச் சொந்தம் வந்து போகும். ஒரு பிள்ளை ஒரு ஆளிடம் போகத் தயங்கினால், போ, மடியில் உட்கார், முத்தம் கொடு என்று கட்டாயப்படுத்தாதீர்கள். சலாம் சொன்னால் போதும். ஏன் தயங்குகிறது என்று பிறகு தனியாகக் கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். குடும்ப மானம் என்று மூடி மறைக்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

வராத பிள்ளைகள்

இனி அந்த இரண்டாவது விஷயம்.

நம் ஊரிலேயே நான்கு தெரு தள்ளி இருந்தும் நன்னா வீட்டுக்கு வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். மகனுக்கும் மருமகளுக்கும் தலாக் ஆகிவிட்டது, அல்லது குலா வாங்கிவிட்டார்கள். பிள்ளை தாயோடு இருக்கிறது. தகப்பன் வீட்டார் திரும்பிப் பார்ப்பதில்லை, அல்லது தாய் வீட்டார் அனுப்புவதில்லை. ஜீவனாம்சத் தகராறில் பிள்ளையைப் பிணையாக வைத்துக்கொள்கிறார்கள். கணவன் மனைவி பந்தம் முறியலாம். அதற்கு மார்க்கம் வழி வைத்திருக்கிறது. பேரன், பாட்டன் பந்தத்தை முறிக்க வழி வைக்கவில்லை. அது இரத்த பந்தம். அதைத் துண்டிப்பவர் சொர்க்கம் நுழையமாட்டார் என்ற எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

அந்தப் பாட்டன், பாட்டிமார்களிடம் கேட்டுக்கொள்கிறோம். முதல் சலாம் நீங்கள் சொல்லுங்கள். பிள்ளையின் தாயைப் பற்றிப் பிள்ளையிடம் ஒரு குறையும் சொல்லாதீர்கள். அதேபோலத் தாய்மார்களிடமும் கேட்டுக்கொள்கிறோம். உங்களுக்கு நடந்த அநியாயம் உண்மையாகவே இருக்கலாம். அதற்கு ஜமாஅத்திலும் கோர்ட்டிலும் கேள்வி கேளுங்கள். பிள்ளைக்கு ஆபத்து இல்லாத வீடு என்றால், வாரத்தில் ஒரு பகலாவது அனுப்புங்கள். நேருக்கு நேர் பார்க்க முடியாத நிலை என்றால் நமது அறக்கட்டளைக் கூடத்தில் வந்து விட்டுவிட்டு, இங்கேயே வந்து கூட்டிப் போங்கள். பள்ளிவாசல் இமாமும் எங்கள் மகளிர் குழுவும் உடன் இருப்பார்கள்.

அடுத்தது, தகப்பனை இழந்த பிள்ளைகள். மகன் இறந்து இத்தா முடிந்ததும் மருமகள் தாய்வீடு போய்விடுகிறாள். முதல் வருஷம் பிள்ளைகளைக் கூப்பிடுகிறோம். இரண்டாம் வருஷம் துணி மட்டும் அனுப்புகிறோம். மூன்றாம் வருஷம் பெருநாளில் போனில் பேசுகிறோம். பிறகு அதுவும் இல்லை. பல இடங்களில் இதற்குக் காரணம் பாசம் குறைந்தது அல்ல. சொத்து.

வாரிசுச் சட்டம் நமக்குத் தெரியும். ஒருவர் இறக்கும்போது அவருக்கு உயிரோடு ஒரு மகன் இருந்தால், முன்பே இறந்துபோன மகனின் பிள்ளைகளுக்குப் பங்கு கிடையாது. ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டு மத்ஹபிலும் இதுதான். இந்தப் பிள்ளைகள் வந்து போனால் எதையாவது கேட்பார்களோ என்று சாச்சாமார்கள் பயப்படுகிறார்கள். வந்தால் கேட்க வந்ததாக நினைப்பார்களோ என்று அந்தத் தாய் கூசுகிறாள். நடுவில் பாட்டனும் பேரனும் பிரிந்து போகிறார்கள்.

பேரனுக்கு வாரிசுப் பங்கு இல்லை என்பது சட்டம். பேரனுக்கு ஒன்றுமே கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. வாரிசு அல்லாதவருக்கு, அடக்கச் செலவும் கடனும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் வஸிய்யத் செய்ய மார்க்கம் இடம் தருகிறது. நம் நாட்டு நீதிமன்றங்களும் அதை ஏற்கின்றன. மற்ற வாரிசுகளின் சம்மதம் அதற்குத் தேவையில்லை. மிஞ்சுவது 30 லட்சம் என்றால் 10 லட்சம் வரை அந்த யத்தீம் பேரப்பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். அல்லது உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுத்து, அவர்கள் வசம் ஒப்படைத்துவிடலாம். சொத்து பிரிக்கும் இடத்தில் பங்கு இல்லாத உறவினர்களும் அநாதைகளும் இருந்தால் அவர்களுக்கும் கொடுக்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் சொல்கிறது.

எகிப்து நாட்டில் 1946இல், இப்படிப்பட்ட பேரப்பிள்ளைகளுக்கு வஸிய்யத் செய்யாமல் ஒருவர் இறந்தாலும் செய்ததாகவே கருதும்படி சட்டம் போட்டார்கள். பாகிஸ்தானில் 1961இல் தகப்பனின் பங்கையே பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நாம் போகவில்லை. நம் நாட்டில் இரண்டும் இல்லை. ஆகவே இங்கே அந்தப் பிள்ளையின் நாளை, பாட்டனாரின் பேனாவில்தான் இருக்கிறது. தாமதிக்காதீர்கள். ஆலிமிடமும் வக்கீலிடமும் கேட்டு, சாட்சிகளோடு எழுதி, முடிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வையுங்கள். உயிரோடு உள்ள மகன்களைக் கூட்டி வைத்து வெளிப்படையாகச் சொல்லியும் விடுங்கள். சொத்துப் பேச்சு தீர்ந்துபோன வீட்டுக்குப் பிள்ளை கூச்சமில்லாமல் வரும்.

தந்தையும் தாயும் இழந்த ஆறு வயதுப் பேரரை அப்துல் முத்தலிப் எப்படி வைத்திருந்தார்? கஅபாவின் நிழலில் அவருக்காக விரிப்பு போடுவார்கள். பெற்ற மகன்கள்கூட மரியாதைக்காக அதில் உட்காரமாட்டார்கள், சுற்றித்தான் உட்காருவார்கள். பேரர் வந்து அதில் ஏறி உட்காருவார். சாச்சாமார்கள் பிடித்து இழுக்க, விடுங்கள் என்று தடுத்து, பக்கத்தில் உட்கார வைத்து முதுகைத் தடவிக் கொடுப்பார் அந்தப் பாட்டனார். பேரருக்கு எட்டு வயதானபோது அவருக்கு மரணம் வந்தது. அப்போதும், இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று மகன் அபூதாலிபிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்.

விரிப்பில் இடம், மகன்களுக்கு முன்னால் மரியாதை, போகும்போது ஒரு ஏற்பாடு. இந்த மூன்றும்தான் யத்தீம் பேரப்பிள்ளைக்கு ஒரு பாட்டனார் செய்ய வேண்டியவை.

இந்த விடுமுறையில் அழைப்புப் பட்டியல் எழுதும்போது, எந்தப் பேரப்பிள்ளையின் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அந்தப் பெயரை முதலில் எழுதி, முதல் போனை அங்கே போடுங்கள். பயணச் செலவுக்கு வசதி இல்லாத விதவைத் தாய்மார்கள் இருந்தால் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள். பெயர் வெளியே வராது. வஸிய்யத் எழுத உதவி வேண்டுவோரும் அஸருக்குப் பின் வந்து கேட்கலாம்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளுக்கு வரும் பிள்ளைகளை நலமாகக் கொண்டுவந்து, நலமாகத் திருப்பி அனுப்புவாயாக! பிரிந்த உறவுகளைச் சேர்த்து வைப்பாயாக! யத்தீம்களின் தலையைத் தடவும் கைகளாக எங்கள் கைகளை ஆக்குவாயாக! பேரப்பிள்ளைகளின் வரவை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பெரியவர்களுக்கு ஆரோக்கியத்தையும் நீண்ட ஆயுளையும் தருவாயாக! ஆமீன்.

வஆகிறு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.